நாலு வரிசைத் தையல்

ஜனவரி 6

என் அன்புத் தம்பி உம்மணாமூஞ்சிக்கு,

நான் நலம். நீ, உன் பெண்டாட்டி, என் பட்டாணி மூன்று பேரும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே உன் மாமாவின் முதுகுவலி சௌக்கியமாக இருக்கிறது. அதற்கு ஒரு குறையும் இல்லை. மாமாதான் கொஞ்சம் இளைத்துவிட்டார்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ "ம்" என்பாய். அப்புறம் "ம்ம்" என்பாய். அப்புறம், "லிப்ட் மாட்டிக்கிச்சுக்கா, உள்ள ஆள் இருக்கார்" என்று வைத்துவிடுவாய். எத்தனை வருஷமாக அந்த ஒரே ஆள் லிப்டுக்குள் நிற்கிறாரோ! காகிதத்தில் வெறும் "ம்" எழுதி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும் அல்லவா, அதனால்தான்.

சரி, இப்போது திட்டப் போகிறேன். புது வண்டியின் போட்டோ அனுப்பினாயே, அதில் முன்சீட்டில் உன் பெண்டாட்டி, மடியில் பட்டாணி, இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெல்ட். பார்த்ததும் வந்த கோபத்தில் மெஷினில் ஊசியை உடைத்துவிட்டேன். பதினெட்டு வருஷமாக கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள் நான். அடிபட்ட வண்டிகளின் சீட்டெல்லாம் என் மேஜைக்குத்தான் வருகிறது. முன்சீட்டில் என்ன கறை இருக்கும் என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். வண்டி சட்டென்று நின்றால் அம்மாவின் எடை மொத்தமும் குழந்தை மேல்தான். இப்போது சட்டமும் வந்துவிட்டது. சின்னக் குழந்தை என்றால் பின்சீட்டில், தனக்கென்று உள்ள குழந்தை சீட்டில், பட்டை மாட்டித்தான் உட்கார வேண்டுமாம்.

அதனால் ஒரு சீட் அனுப்பியிருக்கிறேன். யாரோ எங்கள் கடையில் போட்டுவிட்டுப் போனது. இடது தோள்பட்டையை எலி கடித்திருந்தது. அந்த இடத்தை வெட்டிவிட்டு வேறு பட்டையை வைத்து ஒட்டுப் போட்டுத் தைத்துவிட்டேன். நீல உறை, அதில் மஞ்சள் வாத்துகள். பார்சல் லாரியில் வருகிறது. வந்ததும் மாட்டு. மாட்டவில்லை என்று தெரிந்தால் நானே வந்து உன்னை அதில் கட்டிப்போடுவேன்.

எல்லோரும் வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உன் அக்கா

*

ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். மாமாவின் உடம்பைப் பார்த்துக்கொள்.

சீட் வந்தது. மாட்டிவிட்டேன். பட்டாணி வாத்துகளை எண்ணுகிறாள். மூன்றுக்கு மேல் தெரியாததால் திரும்பத் திரும்ப மூன்று வரை எண்ணுகிறாள். இறங்கச் சொன்னால் அழுகிறாள். அவளுக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

ஒன்று கேட்கலாமா? அந்த ஒட்டு தாங்குமா? எங்கள் வேலையில் லிப்ட் கயிற்றில் ஒட்டுப் போடுவதில்லை. ஒரு இழை போனாலும் முழுக் கயிற்றையும் மாற்றிவிடுவோம். அதனால் கேட்டேன். வேறொன்றும் இல்லை.

அன்புத் தம்பி

*

ஜனவரி 25

லிப்ட் மெக்கானிக் ஐயா அவர்களுக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன், பட்டாணி எண்ணிப் பார்க்கட்டும்.

தாங்குமா என்று என்னையா கேட்கிறாய்? நீ பள்ளிக்கூடம் போட்டுக்கொண்டு போன பையைத் தைத்தது யார்? அது கிழிந்ததா? நீதான் கிழிந்தாய், பத்தாவதில்! அந்த ஒட்டில் நைலான் நூல், நாலு வரிசைத் தையல், நடுவில் பெருக்கல் குறி. அனுப்புவதற்கு முன்னால் பட்டையை உத்தரத்தில் கட்டி, பக்கத்துப் பட்டறை பெயிண்டரைத் தொங்கச் சொன்னேன். தொண்ணூறு கிலோ. மனிதர் ஊஞ்சலே ஆடினார். "இறங்க மனசு வரலம்மா, வீட்டுக்கே எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றார். பட்டாணி என்ன, பதிமூன்று கிலோ இருப்பாளா?

சட்டம் வந்ததிலிருந்து கடையில் கூட்டம். முதலாளி எங்கெங்கோ போய்ப் பழைய குழந்தை சீட்டுகளை அள்ளிக்கொண்டு வருகிறார். நான் உறை மாற்றி, பட்டை நைந்திருந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறேன். "உன் கை பட்டா பழசெல்லாம் புதுசாயிடுது" என்கிறார். உன் மாமாவைத்தான் இன்னும் புதுசாக்க முடியவில்லை.

உன் பெண்டாட்டியின் கால்வலி தேவலையா? கேட்டதாகச் சொல்.

தையலில் குறை கண்டுபிடிக்கிறவனின் அக்கா

*

மார்ச் 2

காணாமல் போன தம்பிக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று ஊரெல்லாம் விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

ஐந்து வாரம் ஆகிவிட்டது. ஒரு வரி இல்லை. போன் செய்தால் அந்த ஆள் இன்னும் லிப்டுக்குள் இருக்கிறார். பட்டாணியின் முகத்தையாவது வீடியோவில் காட்டு என்றால் கேமரா கெட்டுப்போய்விட்டது என்கிறாய். உன் பெண்டாட்டியின் போனில் காட்டு என்றால் அதிலும் கெட்டுவிட்டதாம். நேற்று குழந்தையிடம் போனைக் கொடுத்தாய். "அத்தை, கை" என்றாள். உடனே வாங்கிக்கொண்டாய். என்னடா கை? என்னைப் பார்த்துக் கையாட்டினாளா? அதைக்கூடப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை எனக்கு.

என் மேல் ஏதாவது கோபமா? பத்தாவது பெயிலைச் சொன்னதற்கா? சரி, இனிமேல் சொல்லமாட்டேன். ஒன்பதாவதில் இரண்டு தடவை உட்கார்ந்ததையும் சொல்லமாட்டேன். போதுமா?

உடனே பதில் போடு.

அக்கா

*

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கவலைப்படாதே. வேலை அதிகம்.

குழந்தை சீட்டைக் கழற்றி வைத்துவிட்டேன். பட்டாணிக்குப் பிடிக்கவில்லை. வண்டியை இப்போது அதிகம் எடுப்பதில்லை.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 16

தம்பி என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு,

நலம். ஆனால் உன் கடிதத்தைப் படிக்கும்வரைதான் நலம்.

பிடிக்கவில்லையா? ஜனவரியில் இறங்கமாட்டேன் என்று அழுதவளுக்கு மார்ச்சில் பிடிக்கவில்லையா? மூன்று வயதுகூட ஆகாததின் இஷ்டத்துக்கு நீ ஆடுகிறாய்! நாளைக்கு அவள் மெத்தை வேண்டாம், மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல் தூங்குகிறேன் என்றால் தலையணை போட்டுக் கொடுப்பாயா?

போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வந்து கடையில் நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். முதலாளி அதைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எழுத்துக் கூட்டி முழுவதும் படித்துவிட்டேன். ஒரு பக்கம்தான், ஆனால் எனக்கு ஒரு மத்தியானம் ஆனது. உனக்காகச் சில வரிகள்: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகக் கூடாது. முன்சீட்டில் கூடாது. குழந்தைக்கு ஏற்ற சீட் இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது. "குழந்தை அழுதது" என்பது காரணமாகாது. இதை எழுதின ஆபீசர் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்க வேண்டும்.

நாலாம் வகுப்போடு நின்ற எனக்குப் புரிகிறது. நாற்பது மாடிக் கட்டடத்தில் ஊராரின் உயிரைக் கயிற்றில் தூக்கி இறக்குகிறவனுக்குப் புரியவில்லை. ஊரார் உயிர் என்றால் கணக்குப் பார்க்கிறாய், உன் பெண்ணென்றால் அலட்சியமா?

மாட்டு அந்தச் சீட்டை. மாட்டிவிட்டுக் கடிதம் போடு. இல்லையென்றால் உன் வண்டி நம்பரை நானே எழுதிக்கொடுத்துவிடுவேன்.

வயிறெரிகிற அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ திட்டியது சரிதான். தப்பு என்னுடையது.

நீ இன்னும் அந்தப் பட்டை வேலை செய்கிறாயா? உனக்கும் கண் மங்கிவருகிறது. வெறும் உறை மட்டும் தைத்தால் போதுமே. முதலாளியிடம் சொல்லிப் பாரேன். உடம்புதான் முக்கியம்.

தம்பி

*

ஏப்ரல் 7

ஐயா பெரிய மனுஷா,

நலம். என் கண்ணும் நலம்! ஊசியில் நூலை ஒரே தடவையில் கோக்கிறேன், வந்து பார்.

நான் என்ன கேட்டால் நீ என்ன சொல்கிறாய்? சீட்டை மாட்டினாயா என்றால் என் கண்ணைப் பற்றிப் பேசுகிறாய். உன்னிடம் பேசுவதும் நின்றுபோன லிப்டின் பட்டனை அமுக்குவதும் ஒன்று.

பட்டை வேலையை ஏன் விட வேண்டும்? பட்டாணியுடையது போக, இதுவரை ஒன்பது சீட்டுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒன்பதில் ஆறு இந்த இரண்டு மாதத்தில். முந்தாநாள் ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, "அக்கா, நீங்க தைச்சதுன்னா நம்பி உட்கார வெப்பேன்" என்றாள். முகம் தெரியாதவள் நம்புகிறாள். கூடப் பிறந்தவன் கழற்றி மூலையில் போடுகிறான்.

உன் பெண்டாட்டிக்கு நானே தனியாக எழுதப் போகிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்காவது மூளை இருக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் தம்பிக்குத் தெரியாமல் இதை எழுதுகிறேன். நீங்கள் எனக்கு எழுதுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது.

பிப்ரவரி பத்தாம் தேதி கடைக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். பட்டாணி உங்கள் சீட்டில்தான் இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். முன்னால் போன வேன் திடீரென்று நின்றது. இவர் பிரேக் போட்டும் இடித்துவிட்டது. பெரிய வேகம்கூட இல்லை. எனக்கும் இவருக்கும் கீறல் இல்லை. ஆனால் அந்த ஒட்டு பிரிந்துவிட்டது, அண்ணி. ஒரு தோள் கழன்று, குழந்தை சுழன்று முன்சீட்டின் முதுகில் மோதினாள். இடது கை முறிந்தது. முன்பல் இரண்டு போய்விட்டன. ஆறு வாரம் கட்டு. இப்போது பிரித்தாகிவிட்டது, கை நேராக இருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். ஆனாலும் இடது கையால் இன்னும் எதையும் தூக்கமாட்டேன் என்கிறாள்.

விசாரிக்க வந்த அதிகாரி பட்டையைப் பார்த்ததும், "இதை யார் தைச்சது?" என்றார். இவர், "நான்தான் சார்" என்றார். சட்டைப் பட்டன் அறுந்தால்கூட என்னிடம் நீட்டுகிறவர்! "தொண்ணூறு கிலோ தொங்கினா தாங்கும் சார்" என்று உங்கள் கடிதத்தில் இருந்ததை வேறு சொன்னார். "தொங்குறது வேற, வெடுக்குனு இழுபடுறது வேற. அந்த நொடியில உங்க பொண்ணோட கனம் எத்தனையோ மடங்காயிடும்" என்றார் அதிகாரி. கேஸ் இவர் மேல்தான். லைசென்ஸையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார்.

"அக்காவுக்குத் தெரிஞ்சா அப்புறம் மெஷின்ல கால் வைக்காது. வாயைத் திறக்காதே" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நீங்கள் திட்டி எழுதுவதையெல்லாம் படித்துவிட்டு மடித்து வைப்பார். எனக்கு உங்கள் மேல் கோபம் இருந்தது. இப்போதும் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனாலும் சத்தியத்தைக் காப்பாற்றினேன். ஒன்பது சீட் என்று எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு முடியவில்லை.

ஒரு பக்கம்தான் என்று நீங்கள் எழுதிய நோட்டீஸில் இரண்டு தாள் உண்டு. அந்த அதிகாரி எங்களுக்குக் கொடுத்ததிலிருந்து இரண்டாவதை இத்துடன் வைத்திருக்கிறேன். நான்காவது வரியைப் பாருங்கள்: பட்டையை வெட்டவோ, ஒட்டவோ, தைக்கவோ கூடாது. பழுதான சீட்டை விற்கக் கூடாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 26

டேய்,

நலம் விசாரிக்கப் போவதில்லை. விசாரித்தால் பொய் சொல்வாய்.

பட்டாணியின் கையைப் பற்றி இந்தக் காகிதத்தில் எழுத மாட்டேன். எழுதினால் மற்றது எழுத வராது.

உன் பெண்டாட்டியைத் திட்டினாயோ, நடப்பதே வேறு. உன் வீட்டில் மனசாட்சி உள்ளது அவள் ஒருத்திதான்.

என்னைக் காப்பாற்றினாயா? யார் கேட்டது உன்னை? பிப்ரவரி பத்தாம் தேதி சாயங்காலம் ஒரு போன் செய்து, "அக்கா, உன் தையல் பிரிந்துவிட்டது, நிறுத்து" என்று சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன். ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டேன். அவ்வளவுதான். ஆனால் நிறுத்தியிருப்பேன்! அதற்கு முன்னால் தைத்தது மூன்று. அந்த மூன்றும் என் மண்டைக்கனம், என் தலையில்தான். அப்புறம் தைத்த ஆறு? அதில் உனக்கும் பங்கு உண்டு. கண் மங்குகிறது, உடம்பு முக்கியம் என்று கடிதம் எழுதிக்கொண்டிருந்தாயே, அந்த மசியில் நாலு வார்த்தை எழுதக் கூடாதா? நீ வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு வாரமும் ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையை என் ஒட்டில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் உன்னை அலட்சியக்காரன் என்று பக்கம் பக்கமாகத் திட்டிக்கொண்டு, இந்தக் கையால் அடுத்ததைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"இது எங்க?"

"எது?"

"சுவத்துல முதல் தாள் இருக்கு. ரெண்டாவது எங்க?"

"அதெல்லாம் படிச்சவங்களுக்கும்மா. நமக்கு எதுக்கு?"

"தெரிஞ்சேதான் என்னைத் தைக்க வெச்சீங்களா?"

"இத்தனை வருஷத்துல உன் தையல் ஒண்ணாவது பிரிஞ்சிருக்கா? சும்மா இரு."

"பிரிஞ்சிருக்கு. என் தம்பி பொண்ணு கை ஒடிஞ்சிருக்கு."

"அது இங்க வித்தது இல்லையே. நீயா அனுப்பினது" என்றார். பார்த்தாயா, அவருக்கு அதுதான் கவலை. ஆர்டர் நோட்டை எடுத்துப் பைக்குள் போட்டேன். "நோட்டை வெச்சிட்டுப் போ!" என்று கத்தினார். "வெச்சிட்டா வீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக் கத்தரிக்கோலையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

நாளைக்கு முதல் வீட்டுக்குப் போகிறேன்.

அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா போனில் சொன்னார், நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று. சாப்பிடு.

நீ எழுதியது எல்லாம் சரி. இன்னும் ஒன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குச் சரியாகப் படவில்லை. லிப்ட் கயிறாக இருந்தால் அந்த இடத்திலேயே வெட்டிப் போட்டிருப்பேன். உன் கை என்பதால் விட்டேன். தாங்குமா என்று ஒரு தடவை கேட்டேன். நீ கேலி செய்தாய். நானும் சிரித்துவிட்டு, பெண்ணைத் தூக்கி உட்காரவைத்தேன். அதனால்தான் அதிகாரி கேட்டபோது நான்தான் என்றேன். அது முழுப் பொய்யாக எனக்குத் தோன்றவில்லை.

மற்ற வீடுகளை நான் நினைக்கவே இல்லை, அக்கா. உன்னை மட்டும் நினைத்தேன். அது தப்பு.

பட்டாணி உன்னைக் கேட்கிறாள். வா.

தம்பி

*

மே 20

அன்புத் தம்பிக்கு,

நான் நலம். கால் மட்டும் வீங்கியிருக்கிறது. மாமாவின் முதுகுவலிக்கு இப்போது துணை கிடைத்துவிட்டது.

எட்டு சீட் கிடைத்தன. எட்டின் பட்டையையும் வெட்டிவிட்டேன். சும்மா கொடுத்துவிடவில்லை யாரும். ஒருவர் என்னைத் திருடி என்றே நினைத்தார். கைக்குழந்தைக்காரி இருக்கிறாளே, நம்பி உட்காரவைப்பேன் என்றவள், அவள்தான் எல்லோரையும் விட மோசம். "நல்லாத்தானே இருக்கு! நீங்கதானே தைச்சீங்க?" என்று சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "நான் தைச்சதுதான். அதனாலதான் வெட்டுறேன்" என்றேன். பட்டாணியின் கதையைச் சொன்னேன். பிடித்த கையை விட்டாள். நான் வெட்டிவிட்டு வாசலைத் தாண்டும்போது, "எத்தனை நாள் இதுல கூட்டிட்டுப் போயிருக்கேன், தெரியுமா உங்களுக்கு?" என்றாள். இன்னும் நாலு கெட்ட வார்த்தை சேர்த்துத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒன்பதாவது கிடைக்கவில்லை. நோட்டில் பெயரும் இல்லை, விலாசமும் இல்லை. வெள்ளை வண்டி, கண்ணாடி போட்ட அப்பா, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு குட்டி. அவ்வளவுதான் ஞாபகம். தெருவில் எந்த வெள்ளை வண்டி நின்றாலும் ஓடிப்போய்ப் பின்சீட்டை எட்டிப் பார்க்கிறேன். பைத்தியம் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

போக்குவரத்து அலுவலகத்துக்கும் போனேன். எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன், முதலாளி மறைத்த தாள் உட்பட. ஆபீசர் படித்துவிட்டு, "அம்மா, இதுல கையெழுத்துப் போட்டா கேஸ்ல உங்க பேரும் வரும்" என்றார்.

"வரட்டும். என் தம்பி பேர்ல இருக்குற கேஸை என் பேருக்கு மாத்துங்க. அவன் பொய் சொல்லிட்டான்."

"பொய் சொன்னதுக்கு அவரையும் கேட்பாங்களே?"

"நல்லாக் கேளுங்க. நானும் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

தாளை உங்கள் ஊர் அலுவலகத்துக்கு அனுப்புகிறார்களாம். கூப்பிட்டால் போய் நிஜத்தைச் சொல். அந்த வெள்ளை வண்டியைப் பற்றியும் எழுதிக்கொண்டார்கள்.

வேலை போய்விட்டது. வீட்டில் ஜன்னல் திரை தைக்கிறேன். திரை பிரிந்தால் வெயில்தான் வரும்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பஸ் ஸ்டாண்டுக்கு யாரும் வர வேண்டாம், நடந்தே வந்துவிடுவேன். பட்டாணி என்னிடம் கையைக் காட்டுவாள், அது எனக்குத் தெரியும். அவள் மூன்று வரைதான் எண்ணுவாள், ஆனால் யார் செய்தார்கள் என்று கேட்கத் தெரியும். அத்தை தைத்ததுதான் பிரிந்தது என்று நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். அழுதாலும், என்னிடம் வரமாட்டேன் என்றாலும் அது எனக்கும் அவளுக்கும் நடுவில். நீ இடையில் புகுந்து வேன் இடித்தது, பிரேக் பிடிக்கவில்லை என்று ஏதாவது ஆரம்பித்தாயோ, வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன்.

உன் பெண்டாட்டிக்கு என் அன்பு.

உன் அக்கா